மீன் பொரிக்கும் வெள்ளி

தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளி.
கோயிலின் கீழ்த்தளத்தில் எண்ணெய் காய்கிறது.
வெளியே விஸ்கான்சின் பனி
சாலை உப்போடு கெட்டிப்பட்டுக் கிடக்கிறது.

வந்து நின்ற கார்களின் கண்ணாடியிலெல்லாம்
யாரோ துண்டறிக்கை செருகியிருக்கிறார்கள்:
கத்தோலிக்கர் யாருக்கு ஓட்டுப் போடக் கூடாது.
அதே தாளில் வேறு யாரோ
பேனாவால் திருத்தம் போட்டிருக்கிறார்கள்.
அந்தப் பேனா என்னுடையது.
நாற்பது கார். விரல் விறைத்துப்போனது.

என் பெயர் லோர்னா டெல்விஷ்.
முட்டைகோஸ் நறுக்குவது என் வேலை.
எண்ணெய்ச் சட்டியருகே என் கணவரின் அண்ணன் வெர்லின்,
நவம்பரிலிருந்து என்னோடு பேசாதவர்.
உப்பு, என்பார். கொடுப்பேன்.
அது பேச்சில் சேராது.
ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்கு முன் பெஞ்சில் இருந்தும்
திரும்ப மாட்டார்.
அவர் பிடரிக்கே சமாதானம் சொல்லப் பழகிவிட்டேன்.

அவர் வீட்டு வாசலில் ஒரு பலகை,
என் வீட்டு வாசலில் ஒரு பலகை.
பனி வாரும் வண்டி இரண்டின் மேலும்
ஒரே சேற்றை வாரி அடித்துவிட்டுப் போகிறது.

பிறக்காத பிள்ளைகளுக்காக
அவர் பஸ் ஏறித் தலைநகர் போய்க் குளிரில் நின்றார்.
பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்காக
நான் சிறை வாசலில் மெழுகுவர்த்தியோடு நின்றேன்.
ஒரே பங்குக் கோயில்,
நற்செய்தியை மட்டும் பங்காளிகளைப் போல் பிரித்துக்கொண்டு
நடுவில் கம்பிவேலி போட்டுவிட்டோம்.
அவர் மனைவி கொலெட்
சனிக்கிழமைதோறும் கர்ப்பிணிகள் விடுதியில்
குழந்தைத் துணி மடிப்பாள்.
நான் ஒருநாளும் போனதில்லை.
காரணங்கள் வைத்திருந்தேன்,
அழகாக எழுதப்பட்ட காரணங்கள்.

ஏழு மணிக்கு வரிசை குறைந்தது.
எண்ணெயைப் பார்த்தபடியே சொன்னார்:
"யுசேபியோ மூணு வாரமா பூசைக்கு வரல."

யுசேபியோ அவர் பண்ணையில் இரவுப் பால் கறப்பவன்,
நிக்கராகுவாக்காரன்.

"கொட்டகைக்குப் பின்னால வண்டிவீட்டுக்குள்ள இருக்கான்.
விளக்குப் போடுறதில்ல.
நான் தட்டினா திறக்க மாட்டேங்கிறான்.
என் பலகைய அவன் படிச்சிருக்கான்."

இந்த இடத்தில் சொல்ல என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது,
நவம்பரிலிருந்து தீட்டித் தீட்டி வைத்தது.
நாக்கு நுனிவரை வந்தது.
சொல்லாமல் விட்டதில் புனிதம் ஒன்றும் இல்லை.
மீன் கருகிக்கொண்டிருந்தது.

நாலு பெட்டி கட்டினார்.
ஒருவனுக்கு நாலு எதற்கென்று நான் கேட்கவில்லை,
அவருக்கு எதையும் குறைவாகக் கட்டத் தெரியாது.
வண்டியைக் கிளப்பியதும் வானொலியில் ஒருவன் கத்தினான்.
அவருடைய ஆள்தான். அவரே அணைத்தார்.
கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை
பள்ளம் வரும்போதெல்லாம் ஆடிற்று.
நாங்கள் ஜெபிக்கவில்லை. பேசவுமில்லை.

நான் தட்டினேன்.
உள்ளே இருப்பவர்களுக்கு என் பலகையும் தெரியும்,
எனக்குத் திறப்பார்கள் என்று ஒரு கர்வம்.
தட்டினேன். பெயர் சொன்னேன்.
எனக்கும் திறக்கவில்லை.

பெட்டிகளைப் படியில் வைத்துவிட்டு
வண்டிக்குள் விளக்கில்லாமல் உட்கார்ந்தோம்.
மூச்சு கண்ணாடியில் படிந்தது,
அவர் சட்டைக்கையால் துடைத்தார்,
என் பக்கத்தையும் சேர்த்து.

கதவு ஒரு சாண் திறந்தது.
ஒரு கை வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.
நான்காவதுக்கு வந்தது வேறு கை, மிகச் சிறியது.
தூக்க முடியாமல்
பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போயிற்று.

பசுக்கள் செருமும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.

"ரெண்டு வருஷமா எனக்கு வேலை செய்றான்" என்றார்.
"பிள்ளை இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது" என்றேன்.

நவம்பருக்குப் பிறகு
நாங்கள் ஒத்துப்போனது அதில்தான்.

சாவியைத் திருப்பினார். வானொலியைத் தொடவில்லை.
கொட்டகையைத் தாண்டும்போது சொன்னார்:
"கோஸ் வைக்க மறந்துட்டே."