தொப்புளைச் சுற்றி ஒரு சாண்

டூவாலா அறுப்புக்கூடத்தில் மணி நாலரை.
ஈரத் தரையில் ரப்பர் பூட்ஸ் வழுக்க
ஹமிதுவிடம் பேரம் பேசுகிறாள் எனங்கா.
கறி வேண்டாம், குடல் வேண்டாம்,
வயிற்றுத் தோல் போதும்,
தொப்புளைச் சுற்றி ஒரு சாண்.

"மிளகு சூப்புக்கா?" என்றான் முதல் வருடம்.
"மாந்திரீகமா?" என்றான் இரண்டாம் வருடம்.
இப்போது கேட்பதில்லை.
விரலால் தடவிப் பார்த்து
முடிச்சு நிறைந்த தோலை அவனே ஒதுக்கி வைக்கிறான்,
விலையையும் அதற்கேற்ப ஏற்றி வைக்கிறான்.

முடிச்சு, பட்டாணியில் பாதி.
கத்தியைப் பேனாபோல் பிடித்துக் கீறினால்
உள்ளே ஒரு பெண்புழு.
ஊசியைத் தொலைத்த நூல்,
வருடக்கணக்காகத் தன்னையே சுற்றிக்கொண்டு
ஒரே இடத்தில் குடித்தனம்.
ஆண்புழு வந்துபோகும் விருந்தாளி.
மாட்டுக்குப் பெரிய நஷ்டமில்லை.
இதன் ஒன்றுவிட்ட அக்காள்தான்
மெமே ஆற்றங்கரையில்
மனிதத் தோலுக்குள் உட்கார்ந்தபடி
குஞ்சுகளைக் கண்ணுக்கு அனுப்புகிறவள்.

இருக்கிற மாத்திரை குஞ்சுகளைக் கொல்லும்.
தாய் சில மாதம் பேறு நிறுத்தி
மறுபடி தொடங்குவாள்.

புவேயாவில் மழை.
மலை இருக்கிற திசையில் மலை இல்லை.
தட்டில் இருபத்துநாலு குழி,
குழிக்கொரு புழு, புழுவுக்கொரு சொட்டு.
மருந்துக்குப் பெயர் கிடையாது, எண்தான்.
பெயர் வைத்தால் பாசம் வந்துவிடும் என்பான் எக்கேமா.
ஏழாம் நாள் சாயம் ஊற்றுவார்கள்.
உயிருள்ளது ஊதாவாகும்,
செத்தது வெள்ளையாகவே கிடக்கும்.
வெள்ளைக்குக் கைதட்டுகிற தொழில்.

இருநூற்றுப் பன்னிரண்டு வெள்ளை தந்தது.
அன்றிரவு சுட்ட மீனும் பொரித்த வாழையும்,
ஜெனரேட்டர் டீசலுக்கு வைத்திருந்த காசில்.
நான்கு மாதம் கழித்து அஞ்சல்:
எலியின் ஈரல் தாங்கவில்லை.
எனங்கா அந்தக் குப்பியை
உறைபெட்டியின் அடித்தட்டுக்கு மாற்றினாள்.
எறியவில்லை.

ஒரு வியாழன் பிற்பகல்
நுண்ணோக்கியில் குனிந்திருந்தபோது
இடது கண்ணில் நமைச்சல்.
லென்ஸில் தூசி என்று துடைத்தாள்.
தூசி நகர்ந்தது.

கழிப்பறைக் கண்ணாடியில் இமையை விரித்துப் பார்த்தாள்.
வெண்விழிக்குக் குறுக்கே
மெல்லிய படலத்துக்கு அடியில்
அவசரமே இல்லாமல் ஒன்று போய்க்கொண்டிருந்தது.
இது வேறு புழு.
பெயர் தெரியும், நீளம் தெரியும்,
எந்தக் காட்டு நிழலில் எந்த ஈ கடித்திருக்கும்
என்பதும் ஏறக்குறையத் தெரியும்.
இதன் குஞ்சுகள் இரத்தத்தில் பெருகியவருக்கு
அந்தப் பழைய மாத்திரையைத் தரக் கூடாது;
விபரீதம் மூளை வரை போகும்.
அறிக்கையில் அவளே தட்டச்சு செய்த வரி:
'இத்தகையோர் விலக்கப்படுவர்.'

இத்தகையோர்
குழாயைத் திறந்து முகம் கழுவினார்.

பத்து நிமிடத்தில் அது மூக்கோரம் போய் மறைந்தது.
திரும்பி வந்து பதிவேட்டில் எழுதினாள்:
குழி பதினேழு, ஊதா.
பதினெட்டு, ஊதா.
பத்தொன்பது, லேசான வெள்ளை.
அதன் கீழே இரண்டு கோடு. மறுபடி பார்க்க.

இரத்தப் பரிசோதனைக்கு நாளை போகலாம்.
நாளை தட்டு மாற்றும் நாள்.
நாளன்றைக்கு.

சனிக்கிழமை நாலரைக்கு
ஹமிது தோலைச் சுருட்டி நீட்டினான்.
"கண் ஏன் சிவந்திருக்கு?"
"தூசி."
அவன் நம்பவில்லை.
"இன்றைக்கு முடிச்சு அதிகம். பழைய விலைக்கே எடுத்துக்கொள்."

அதிலும் நூறு பிராங்க்
குறைத்துக் கேட்டாள் எனங்கா.