நாற்பத்து மூவாயிரத்து எழுநூறு

லயத்துக்கு மேலே, மண்ணுக்குள்
இரண்டு செப்புக் கம்பி.
ஈரம் ஏறினால் இரண்டும் பேசிக்கொள்ளும்,
கூரையில் சங்கு ஊதும்.
அவ்வளவுதான் நான் செய்தது.

முதல் வாரம் பனிமூட்டத்துக்கே ஊதிற்று.
அடுத்த வாரம், யாரோ கொட்டிய
சாயச் சண்டுக்கு.
பன்னிரண்டு குடும்பமும் பிள்ளைகளைப் போர்த்திக்கொண்டு
கொழுந்து மடுவத்துக்கு ஓடி
விடியும்வரை நின்றுவிட்டு மலைக்குப் போனது.
மூன்றாம் முறை புஷ்பலீலா
கவ்வாத்துக் கத்தியால் வயரை அறுத்து
என் கையில் கொண்டுவந்து தந்தாள்.
"மல சரிஞ்சா சரியட்டும். புள்ள தூங்கணும்."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
வெட்டு சுத்தமாக இருந்தது.

எந்த அளவில் பனியை மன்னிப்பது,
எந்த அளவில் மழையை நம்புவது,
திருகித் திருகிப் பார்க்க
ஒரு பெட்டி வேண்டும்.

ஹட்டன் கடைக்காரர் கொட்டடியில் பிறந்தவர்.
"நூறு ஓம் ஒம்பது இருக்குதா?"
"ஓம்."
"ஆயிரம் ஓம்?"
"ஓம், ஓம்."
நாங்கள் ஆமா என்கிறவர்கள்.
தடையை அளக்கிற சொல்
அவர் ஊரில் சம்மதம் என்பது
மஸ்கெலியா பஸ்ஸில் நின்றபடி வரும்போதுதான்
எனக்கு உறைத்தது.

முப்பத்தாறு தடையிகள்.
பழுப்பு கறுப்பு சிவப்பு,
பழுப்பு கறுப்பு செம்மஞ்சள்.
கரண்ட் போன இரவில் டோர்ச் வெளிச்சத்துக்கு
சிவப்பும் செம்மஞ்சளும் ஒன்றுதான்.
அடுப்புத் தணலில் சுட்ட இரும்பால்
ஒன்றைத் தப்பாகப் பற்றவைத்து
மறுநாள் பிடுங்கினேன்.
பிஸ்கட் டின்னில் நான்கு துளை, நான்கு சுழல் ஆளி:
லட்சம், பத்தாயிரம், ஆயிரம், நூறு.
நகப்பூச்சால் எண் எழுதியதில்
ஆறு எல்லாம் எட்டு மாதிரி.

சங்கைக் கழற்றி ஒரு குட்டி பல்பைப் பூட்டி
இரவில் உட்கார்ந்தேன்.
தொண்ணூறாயிரத்தில்
பனி தொட்டதும் பல்பு பதறியது.
இருபதாயிரத்தில் அடைமழை.
வெட்டிய போத்தலில் இரண்டு அங்குலம் தண்ணீர்.
பல்பு கண்ணே திறக்கவில்லை.
வயரை அறுத்ததைவிட
அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஐந்தாம் இரவு, படங்குச் சீலைக்குள்
பிள்ளையை ஏணையாகக் கட்டிக்கொண்டு வந்தாள்.
"எப்படியும் இவன் தூங்கல."
ஆயிரங்களை நான் திருகினேன்,
நூறுகளை அவள்.
டக். டக்.
நாற்பத்து மூவாயிரத்து எழுநூறில்
தூறலுக்கு அணைந்தே இருந்தது,
மழை ஊன்றியபோது எரிந்தது.

கடைக்குப் போன் பண்ணினேன்.
"முப்பத்தொன்பதாயிரம் கிடக்கு, நாப்பத்தேழாயிரம் கிடக்கு.
இடையில ஒண்டும் வாறதில்லை, தங்கச்சி."

அதனால் பெட்டியே அங்கே இருக்கிறது,
பொலித்தீன் சுற்றி, தகரத்துக்குக் கீழே.
வேறு எதையும் இனி அதனால் அளக்க முடியாது.

ஐப்பசியில் ஒரு முறை ஊதிற்று. ஓடினோம்.
மேட்டில் ஒரு முருங்கை மட்டும் சாய்ந்திருந்தது.
யாரும் கத்தி எடுக்கவில்லை.
பற்றரி மாற்ற ஏறியபோது பார்த்தேன்:
கடைசி ஆளி எழுநூறில் இல்லை.
ஒரு டக் கூட்டி, எண்ணூறில்.
குமிழில் ரொட்டி மாவு.