நிறுத்துகிற கம்பி

பெட்ரோல் எஞ்சினை இறக்கி
பழைய லாரி டயரின்மேல் உட்காரவைத்தபோது
ஜீப்பின் மூக்கு நாலு விரற்கடை எழும்பியது.
"பாரம் போனதும் மூச்சு விடுது பாருங்க டீச்சர்"
என்றார் சூசைமாணிக்கம்.
லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கொடுத்த வண்டி.
மூச்சு விட்டது நான்தான்.

மின்வாரிய ஏலத்தில் எடுத்தது.
சிக்கன நாணயச் சங்கத்தில் முப்பத்தாறு தவணை.
பொம்பளைக்கு எதுக்கு ஜீப்பு என்று கேட்டவர்கள்
அடுத்த வாயில்
எவ்வளவு குடுக்கும் என்றும் கேட்டார்கள்.

மேட்டடார் எஞ்சின் புதுவயலில் கிடைத்தது.
அரிசி ஆலைக்குத் தவிடு இழுத்த வேனுடையது.
ஏர் ஃபில்டரைத் திறந்தால்
இன்னும் உமி.

எஞ்சின் முகத்தில் இருந்த ஓட்டைகள்
கியர்பாக்ஸ் முகத்தில் இல்லை.
ஜாதகம் பார்க்காமல் பேசி முடித்த சம்பந்தம்போல
ஒன்று செயின் பிளாக்கில் தொங்க
ஒன்று ஜாக்கியில் நின்றது.
ஆயில் சட்டி முன் ஆக்சிலில் இடித்தது,
வெட்டி ஒட்டினோம்.
ரேடியேட்டரை முன்னால் தள்ளினோம்,
கிரில்லுக்கும் அதற்கும் நடுவே
இப்போது சுண்டுவிரல் நுழையாது.
எல்லாம் ஆன பிறகும்
இடையில் ஒரு தகடு வேண்டியிருந்தது,
பதினோரு மில்லி கனத்தில்.
பத்து ஆகாது. பன்னிரண்டு ஆகவே ஆகாது.
காரைக்குடியில் பதினொன்று விற்பவர் யாருமில்லை.

லேத் மீராசா கண்டுபிடித்தார்,
முனீஸ்வரன் கோயில் தெருவில்,
பீங்கான் ஜாடிகளுக்கும்
கழுத்துவரை அடுக்கிய எனாமல் தூக்குகளுக்கும் பின்னால்:
இரும்புப்பெட்டியின் கதவு.
கதவு மட்டும்.
பெட்டி எங்கே போனதென்று கடைக்காரருக்கே தெரியவில்லை.
சாவியும் இல்லாததால்
டூரிஸ்டுகள் தொடாத ஒரே சாமான்.
யார் வீட்டுது என்று கேட்டேன்.
"நாப்பத்தோரு கிலோ" என்றார்.

பூட்டைத் தோண்டிப் போட்டார் மீராசா.
ஒரு மில்லி சீவினார்.
சுருள் சுருளாய் விழுந்த இரும்பு
தொட்டால் சுட்டது.
4417 என்று பொறித்திருந்த மூலையை மட்டும்
ஏனோ வெட்டாமல் விட்டார்.

முதல் ஓட்டம்.
கோட்டையூர் தாண்டி
காய்ந்த கண்மாய்க்குள் இறக்கினேன்.
லோ கியரில், காலே வைக்காமல்,
செம்புரான் சரளையில் கரையேறியது,
மூட்டை சுமக்கிறவன் படியேறுவதுபோல,
அவசரமில்லாமல், முனகிக்கொண்டு.
கண்ணாடியில் எல்லாமே நடுங்கின:
சீமைக்கருவேலம், தூரத்து மாடி முகப்புகள்,
கையைக் கட்டிக்கொண்டு நின்ற சூசைமாணிக்கம்.

திரும்பி வந்து சாவியைத் திருப்பினேன்.
நிற்கவில்லை.
சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டேன்.
அப்போதும் நிற்கவில்லை.
டீசலுக்குத் தீப்பொறி வேண்டாம்,
அழுத்தமே போதும்:
இருபது வருஷமாகக் கரும்பலகையில்
நான் எழுதுகிற வரி.
ஒன்பதாம் வகுப்பில் யாராவது
"அப்ப எப்படி டீச்சர் அணைக்கிறது?" என்று
கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

சூசைமாணிக்கம் நாக்கைக் கடித்தார்.
பம்பிலிருந்து வரவேண்டிய கம்பி
அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது.
"டாப்புல போட்டு பிரேக்க மிதிங்க,
மிதிச்சபடியே கிளட்ச விடுங்க!"
விட்டேன்.
பல்லோடு பல் மோதுகிற ஒரு குலுக்கல்.
பிறகு மைனாக்களின் சத்தம் கேட்டது.
படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தவர்
"தகடு அசையல" என்றார்,
முதுகெல்லாம் செம்மண்ணோடு.

இப்போது டாஷ்போர்டில் ஒரு கறுப்புக் குமிழ்.
இழுத்தால், சைக்கிள் பிரேக் கம்பி ஒன்று
உள்ளே போய் அதன் தொண்டையை அடைக்கிறது.
ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் பெட்ரோல்தான்.
மூன்று முறை போய் வந்தாயிற்று,
மூன்று முறையும் வேறொரு படிவம்.

பங்க் பையனுக்கு வண்டியைத் தெரியும்.
பார்த்ததும் பழைய குழாயையே எடுத்துக்கொண்டு வருகிறான்.
டாங்க் வாயை
உள்ளங்கையால் பொத்திக்கொள்கிறேன்.
ஜீப்பைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான்,
"சத்தத்தக் கேட்டும் நம்பல டீச்சர்" என்கிறான்.
அவனிடம் படித்தவன்போலத் தலையாட்டுகிறேன்.