அப்புக்காத்து

அலாரம் அடிக்க முன்னமே எழும்பிவிடுகிறார்
எனக்குள் இருக்கும் அப்புக்காத்து.
கறுப்புக் கோட்டு, கையில் ஒரு கட்டுக் கோப்பு.
கனம் கோட்டார் அவர்களே என்று தொடங்கும்போது
நான் இன்னும் போர்வைக்குள்.

மழை பெய்கிறது, என்கிறார்.
பெய்கிறதுதான்.
பியெல் நகரத்தில் மழைகூட
பாதி ஜெர்மனிலும் பாதி பிரெஞ்சிலும் பெய்யும்.
பாண் கடைக்காரிக்கு ஒரு வணக்கம்,
பஸ்காரனுக்கு வேறொரு வணக்கம்.
இருபத்திரண்டு வருடம் நாக்கை மடித்து மடித்து
நானும் பழகிவிட்டேன்.
என் சோம்பல் மட்டும்
ஒரு சொல்லும் கலக்காத தமிழ்:
பேந்து பாப்பம்.

என் கட்சிக்காரி நேற்று முழுக்க
ஆஸ்பத்திரிச் சலவையறையில் துணி மடித்தவர்,
அது உடற்பயிற்சி இல்லையா?
இது இரண்டாவது வாதம்.
முழங்கால் நோ, மூன்றாவது;
எக்ஸ்ரே படத்தையும் ஒப்படைக்கிறார்.
திங்கட்கிழமை தொடங்கினால் ஒழுங்காக இருக்கும் என்பது
புதன்கிழமைகளில் மட்டும் வரும்.
கடைசியில் குரலைத் தாழ்த்தி,
கட்சிக்காரியின் தகப்பன் ஒருநாளும் ஓடினவரில்லை,
எண்பத்தொன்று வரை இருந்தவர்.
அந்த மனிசன் தபால் பையோடு
தினம் பதினாலு மைல் சைக்கிள் மிதித்ததை
கோப்பிலிருந்து உருவிவிட்டார், கெட்டிக்காரர்.

டொக்டர் ஏஷ்லிமான் படம் கீறிக் காட்டினார்.
சீனி, இரத்தம், ஓர் அம்புக்குறி.
நாளுக்கு அரை மணித்தியாலம் நடவுங்கோ.
நான் தலையாட்டினேன்.
என் உடம்பில் ஒழுங்காகப் பயிற்சி பெற்ற ஒரே உறுப்பு
கழுத்துத்தான்.

சப்பாத்து வாங்கி நாலு மாதம்.
கடைக்காரப் பெடியன் என்னை நடக்கவிட்டு
குதிக்காலைப் படமெடுத்து
நூற்றறுபது பிராங் வாங்கினான்.
கதவடியில் கிடந்தது அது,
ஆரும் இருக்கச் சொல்லாத விருந்தாளி மாதிரி.
மகள் துஷாளினி
தன் வீட்டுத் திறப்பை அதற்குள் போட்டுவைக்கத் தொடங்கியிருந்தாள்.

நவம்பரில் ஒரு விடியல்.
குப்பை எடுக்கிற நாள்.
செருப்பைக் காணவில்லை, தரை பனிக்கட்டி.
சரி என்று திறப்பைக் கொட்டிவிட்டுக்
காலை நுழைத்தேன்.
அப்புக்காத்து படுக்கையறையில்
காலிக் கட்டிலுக்கு முன்னால் வாதாடிக்கொண்டிருந்தார்.

பையைத் தெருவோரம் வைத்தேன்.
கை வெறுமையாக இருந்தது.
சூஸ் கால்வாயின் முதல் பாலம்
அந்தா தெரிகிற தூரம்தான்.
போனேன்.

ஒன்றும் நடக்கவில்லை.
மூக்கு ஒழுகியது. விலா பிடித்தது.
தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடியது.
நாயோடு வந்த கிழவர் பிரெஞ்சில் வணக்கம் சொன்னார்,
மூச்சு வாங்கியதில்
நான் ஜெர்மனில் பாதி சொன்னேன்.

மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும்.
அடுத்த குப்பை நாள் வரை போகவில்லை.

அன்றைக்குத்தான் பிடிபட்டது.
மழைக்கு அவரிடம் கோப்பு இருக்கிறது,
முழங்காலுக்கு இருக்கிறது, திங்கட்கிழமைக்கு இருக்கிறது.
குப்பைக்கு எதிராக
ஒரு கடுதாசியும் இல்லை.

இப்போது மூன்றாவது பாலம் வரை.
சில நாட்களில் அவரும் பின்னால் ஓடிவருகிறார்,
கோட்டு நனைந்து, கோப்பு சிந்தி,
போதும், திரும்புவம் என்று கெஞ்சிக்கொண்டு.
பாவம், அவருக்கும் கொஞ்சம் இளைத்திருக்கிறது.

இன்று பனி கொட்டுகிறது.
கனம் கோட்டார் அவர்களே,
இந்தக் குளிரில் ஆராவது நடப்பினமா?
சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொல்கிறேன்:
நடக்க ஆர் போறது?
குப்பை போடப் போறன்.

கையில் பை.
உள்ளே ஒன்றும் இல்லை.