இடது சப்பாத்து

விலங்கு வைத்தியர் தாளில் எழுதித் தந்தார்:
உலர்தீனியை நிறுத்தவும். பச்சை இறைச்சிக்கு மாற்றவும். மெதுவாக.
'மெதுவாக' என்பதன் கீழே
இரண்டு கோடு.

கடுகு ஒரு ஃபெரட். வயது ஐந்து.
எண்ணூற்றுத் தொண்ணூறு கிராம்.
கீரியா அக்கா என்று போனில் கேட்கிறாள் தங்கை.
கீரிக்குத் தூரத்துச் சொந்தம்,
பாம்பைக் கண்டால் சோபாவுக்கடியில் போய்விடுகிற கிளை.

மகன் மகிழ்நன் கல்கரிக்குப் போகும்போது
"ரெண்டு கிழமை வச்சிருங்கோ அம்மா" என்று விட்டுப்போனது.
இது மூன்றாவது குளிர்காலம்.

குட்டியில் எதைக் கடித்ததோ
அதுதான் அதற்கு உணவாம்.
மற்றதெல்லாம் பொருள்.
பையிலிருந்து கிண்ணத்தில் கொட்டும் சலசலப்பு உணவு.
கோழி நெஞ்சு பொருள்,
டிவி ரிமோட்டைப் போல,
என் முழங்காலைப் போல.

சார்ஜன்ட் அவெனியூவில் பிலிப்பினோக்காரரின் கடை.
ஐம்பத்தொரு வருடம் மரக்கறி தின்றவள்
இறைச்சிக் கண்ணாடிக்கு முன்னால்
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.
இதயங்கள் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
என்ன சமைக்கப் போகிறீர்கள், கேட்டார் ஆர்னெல்.
சமைக்கவில்லை என்றேன்.
நிமிர்ந்து பார்த்தார்.
அவசரமாகக் கடுகின் படத்தைக் காட்டினேன்.
அரைக் கிலோவுக்கு மேலே
நாலு கழுத்தைச் சும்மா போட்டார்.

பன்னிரண்டு டொலருக்கு வாங்கிய பழைய கிரைண்டர்
பல்கனிக் கதவோரம் தனியாக இருக்கிறது,
என் சம்பல் கிரைண்டரோடு பேசக்கூடாது என்பதுபோல்.
ஊறவைத்த தீனி முக்கால், அரைத்த இறைச்சி கால்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு கலக்கினேன்.
கடுகு கூழை நக்கி
இறைச்சித் துணுக்கை மட்டும்
நாக்கு நுனியால் பிரித்துக்
கம்பளத்தில் வைத்தது.
மிக்சரில் கடலையை ஒதுக்குகிறவரின் பொறுமை.

மா நிறுக்கும் தராசில் அதை நிறுத்தேன்.
எண்ணூற்று அறுபத்தெட்டு.
நாலு மணித்தியாலத்துக்கு மேல் வெறும் வயிறு ஆகாதாம்,
அலாரம் வைத்து எழும்பினேன்.
இரவு இரண்டு மணிக்கு
சுண்டுவிரலில் ஈரல் தடவி
முரசில் தேய்த்தேன்.
இன்னும் இரண்டு நாளில் வரி கட்டு என்று
கடிதம் வந்ததுபோல் பார்த்தது.
விரலை எவ்வளவு கழுவியும்
காலைக் கோப்பியில் இரும்பு வாசம்.

மகிழ்நன் தினமும் எழுதுகிறான்: சாப்பிட்டானா?
இருபது வருடம் நான் அவனைக் கேட்ட கேள்வி.
இன்னும் இல்லை என்று அனுப்புகிறேன்.
அவனும் அப்படித்தான் பொய் சொல்லாமல்
"பிறகு" என்பான்.

பத்தொன்பதாம் நாள்.
ஒரு முழு இதயத்தை அப்படியே கிண்ணத்தில் வைத்துவிட்டு
அலுத்துப்போய்ப் படுத்துவிட்டேன்.
காலையில் கிண்ணம் காலி.
கம்பளத்தைப் பார்த்தேன், கதிரைக்கு அடியில் பார்த்தேன்,
தண்ணீர்க் கோப்பைக்குள்ளும் பார்த்தேன்.
கடுகு தன் ஊஞ்சல் துணியில்
முழங்கை அளவுக்கு நீண்டு தூங்கியது.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஐந்து நாற்பது பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.
கோட், தொப்பி, இரண்டு சோடிக் கையுறை.
வலது பனிச்சப்பாத்தில் காலை விட்டேன்.
இடதில் விட்டேன்.
பெருவிரலுக்கு
ஏதோ வழுக்கியது.
மெத்தென்று, குளிர்ந்து, திராட்சையைவிடப் பெரிதாக.

ஐயோ என்று கத்தவில்லை.
கத்தியிருக்க வேண்டியவள்தான்.
காலை மெல்ல வெளியே எடுத்தேன்.
சாப்பாட்டைத்தானே ஒளிக்கும் இந்தச் சாதி.
ரிமோட்டை ஒருநாளும் ஒளித்ததில்லை.

ஊஞ்சலில் ஒரு கண் திறந்திருந்தது.
ஒன்றும் பார்க்காதவள் போல்
காலுறையை மாற்றினேன்.
சப்பாத்தை இருந்த இடத்தில்
இருந்த கோணத்தில் வைத்தேன்.
சித்திரையில் பூங்காவுக்குப் போடும்
கன்வஸ் சப்பாத்தோடு
பனியில் இறங்கி நடந்தேன்.

பஸ் ஹீட்டருக்குப் பக்கத்தில் கால் நீட்டி
மகனுக்கு எழுதினேன்:
இன்னும் சாப்பிடவில்லை.
எடுத்து வைத்திருக்கிறான்.