எடுத்தேன், கொடுத்தேன்

மேன்மைதங்கிய அரியநாயகம், முன்னாள் தூதர்,
காலமானார். வயது எண்பத்தொன்று.
பத்திரிகையில் கால் பக்கம்:
நான்கு நாடுகள், இரண்டு ஒப்பந்தங்கள், ஒரு பட்டம்.
லைட் ஸ்ட்ரீட் நீதிமன்றத்தில்
அவர் தோற்ற வழக்கு ஒன்று
அதில் இல்லை. இருக்காது.
அதற்கு நான்தான் சாட்சி.
சாட்சிகூட இல்லை,
அரசாங்க மொழிபெயர்ப்பாளன்.

அறுபத்தொன்று, அக்டோபர் மழை.
தலைக்கு மேலே மின்விசிறி
உளுந்து ஆட்டுவதுபோல் சுற்றிக்கொண்டிருந்தது.
கூண்டில் மாடக்கண்ணு, தொங்காங் கூலி.
துறையில் காணாமல் போனது
ஒரு வெள்ளீயக் கட்டி,
அவன் எடையில் பாதிக்கு மேல் இருக்கும்.
கட்டியை என்ன செய்தாய் என்று கேட்டார்கள்.
முன்பல் இரண்டு இல்லாத வாயால்
ஒரே சொல் சொன்னான்.
எடுத்தேன் என்று என் காதில் விழுந்தது.
அதை அப்படியே ஆங்கிலத்தில் கொடுத்தேன்.

அரியநாயகம் எழுந்தார்.
கறுப்புக் கோட்டு இரவல், தோளில் தொங்கியது.
"கனம் ஐயா, என் கட்சிக்காரர் சொன்னது
கொடுத்தேன்.
கிராணியிடம் கொடுத்தேன் என்கிறார்."
மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார்.
எனக்கு நூற்றெண்பது வெள்ளிச் சம்பளம்,
வீட்டில் கைக்குழந்தை.
இன்று ஒரு சொல்லைத் திரும்ப எடுத்தால்
நாளை எந்தச் சொல் நிற்கும்?
எடுத்தேன்தான், ஐயா, என்றேன்.

ஆறு மாதம்.

இரண்டு வருடத்தில் கோட்டை உரியவரிடம் சேர்த்துவிட்டு
வெளியுறவுக்குப் போய்விட்டார்.
ஏன் என்று கேட்டவர்களிடம்
பினாங்கில் மழை ஜாஸ்தி என்றாராம்.
லாகோசிலிருந்து ஓர் அட்டை வந்தது:
இங்கேயும் மழை.

பிறகு வெகுநாள் கழித்து ஜெனீவாவிலிருந்து.
ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார்,
என் வழக்கப்படி மொழிபெயர்த்துத் தருகிறேன்:
"நேற்று விடிகாலை நான்கு மணிவரை
முப்பது நாட்டுக்காரர்கள் ஒரு சொல்லுக்காகத்
தூங்காமல் உட்கார்ந்திருந்தோம்.
மீன்பிடி எல்லை விவகாரம்.
செய்ய வேண்டுமா, செய்யலாமா.
கண்ணாடி அறைக்குள் ஒரு பெண் மொழிபெயர்த்தாள்.
ஒரு முறை தவறினாள்.
மன்னிக்கவும் என்று தானே திருத்திக்கொண்டாள்.
அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை.
உங்களை நினைத்துக்கொண்டேன்."

கடைசி வரியைப் பாராட்டாகவும் படிக்கலாம்.
நான் பல வருடம் அப்படித்தான் படித்தேன்.

போன தைப்பூசத்துக்கு மறுநாள்
பினாங்கு ஸ்ட்ரீட் கடைக்கு வந்தார்.
தெருவெல்லாம் உடைத்த தேங்காய் ஓடு.
கைத்தடியை நாற்காலியில் சாத்திவிட்டு
கோப்பி ஓ கோசோங் சொன்னார்,
சர்க்கரை வியாதி.
ஜெனீவா பற்றிப் பேசவில்லை.
மாதக்கணக்கில் பேசி முடித்த எல்லைக்கோட்டை
மீன்கள் மதிப்பதில்லை என்று மட்டும் சொல்லிச் சிரித்தார்.
பிறகு சிரிக்கவில்லை.

"ஒன்று கேட்கணும்.
எனக்கு அப்போ தமிழ் அரைகுறை.
வீட்டில் அப்பாவோடு ஆங்கிலம், பள்ளியிலும் ஆங்கிலம்.
அவன் சொன்னது எனக்கு விளங்கவே இல்லை.
கொடுத்தேன் என்றிருந்தால் நல்லது என்று
எழுந்துவிட்டேன்.
உண்மையில் என்ன சொன்னான்?"

ஐம்பது வருடமாக நான் பயந்தது
அவருக்குத் தெரியும் என்று.
மின்விசிறி, என்றேன்.
எனக்கும் சொல்லின் வால்தான் கேட்டது.
த்தேன்.
தலையை விசிறி அரைத்துவிட்டது.

மாடக்கண்ணு விடுதலையாகி
படகுத்துறையில் கயிறு பிடித்தான்.
பட்டர்வொர்த் படகில் ஏறும்போதெல்லாம்
என்னைப் பார்த்துத் தலையாட்டுவான்.
நான் கடலைப் பார்ப்பேன்.
எழுபத்தெட்டில் ஒருநாள் கயிற்றை வேறு ஆள் பிடித்தான்.

"அவனிடம் கேட்டீர்களா?"
கேட்கவில்லை.
நீங்கள்?

சர்க்கரை போடாத கோப்பியை
நெடுநேரம் கலக்கிக்கொண்டிருந்தார்.