மாத்திரை வேலை செய்கிறது

பதினோராம் நாள் மூக்கின் ஓரத்தில் ஒன்று.
வேர்க்குரு என்று நினைத்தேன். மே மாதம்,
பெரம்பூரில் மின்விசிறிக்கே வியர்க்கும்.
பன்னிரண்டாம் நாள் எண்ண முடிந்தது.
பதினான்காம் நாள் எண்ணுவதை விட்டேன்.
கன்னம், மோவாய், கழுத்துக்குழி,
முடிக்குள் சீப்பு இடறிய இடமெல்லாம்
சீழ் வைத்த கடுகுகள்.

கீழ்வீட்டு சுகுணா படியேறாமல் நின்று
"அம்மையா?" என்றாள்.
பதிலுக்குக் காத்திராமல் சாயங்காலத்துக்குள்
என் கதவில் வேப்பிலை செருகியிருந்தாள்.
நான் அதை எடுக்கவில்லை.
நுரையீரலில் இருப்பதன் பெயரைச் சொல்வதற்கு
அம்மை எவ்வளவோ மேல்.
மூன்றாம் தண்ணீர் ஊற்றினால் முடிந்துவிடும்.

29சி-யில் முந்தானையால் முகம் சுற்றி உட்கார்ந்தேன்.
புரசைவாக்கத்தில் நெரிசல்.
பக்கத்து இருக்கை மட்டும் அடையாறு வரை
காலியாகவே வந்தது.
இந்த ஊரில் ஒருத்திக்கு இரண்டு இருக்கை
இப்படித்தான் கிடைக்கும் போலிருக்கிறது.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.
"நல்லா வந்திருக்கே!" என்றார்,
பானை பொங்குவதைப் பார்த்தவர் போல.
மருந்து கேட்கிற உடம்பில் பெரும்பாலும் வருமாம்.
சொறியக் கூடாது. சோப்பு கூடாது.
வெயில் கூடாது.
வெயில் கூடாதா, சென்னையிலா
என்று நான் சிரித்தபோது
உதட்டோரம் வெடித்து ரத்தம் வந்தது.
ஒரு களிம்பு, இரவுக்கு ஒரு காப்ஸ்யூல்.
"நீங்களா நிறுத்திடாதீங்க"
என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

வெளியே பெஞ்சில் ஜபருல்லா பாய்.
ஸ்கூல் வேன் ஓட்டியவர்.
அதே மாத்திரை, எனக்கு முன்னால் ஆரம்பித்தவர்.
கழுவிக் கவிழ்த்த தட்டு போல முகம்.
முந்தானையை இழுத்துக்கொண்டேன்,
கூட்டத்தில் சங்கிலியை மறைப்பது போல.

"எத்தினி நாள்ல வந்துச்சும்மா?"
"பதினொண்ணு."
"எனக்கு இருபத்திரெண்டு ஆவுது."
கன்னத்தைத் தடவினார், மறுபடி தடவினார்.
பிறகு காதுக்குக் கீழே ஒரு புள்ளியைத் தேடிக் காட்டி
"இது அதுதானே?" என்றார்.

கொசுக்கடி.

"அதேதான் பாய். எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

வராதவர்களுக்கும் மருந்து கேட்கும் என்று
டாக்டர் உள்ளே சொல்லியிருந்தார்.
பஸ் ஏறிய பிறகுதான் அது ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை ரேஷன் கடை.
"விரலைத் துடைச்சிட்டு வைங்க,
அழுத்தாதீங்க, அடுத்த விரல் வைங்க"
என்று ஊரையே விரட்டியவள் நான்.
கடை திறக்க மெஷினில் என் கட்டைவிரலை வைத்தேன்.
பொருந்தவில்லை.
நுனி வெடித்து, நகக்கண் வீங்கி,
ரேகை இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு தோல்.
துடைத்து வைத்தேன்.
பொருந்தவில்லை.
வரிசையில் இருந்து ஒரு குரல்,
"தேங்காயெண்ணெய் தடவி வைக்கா!"
எல்லோரும் சிரித்தார்கள், நானும்.
அது நான் எல்லோருக்கும் சொல்வதுதான்.
கடைசியில் கண்ணைக் காட்டினேன்.
மெஷின் கொஞ்சம் யோசித்தது.
கோமளவல்லி, தெ.
அப்பாடா, நான்தான்.
பாமாயில் முப்பத்தேழு பேருக்குப் போட்டேன்.

ராத்திரி கரண்ட் போனால்
அரிப்புக்கு மட்டும் வெளிச்சம் வரும்.
களிம்பு டப்பாவை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக்
கன்னத்தில் வைத்துக்கொள்வேன்.
நகங்களை உள்ளங்கைக்குள் மடக்குவேன்.
இந்தக் கன்னத்தை இன்னொருத்தர்
தொழுகையில் கேட்டுக்கொண்டிருப்பார்
என்ற நினைப்பு வரும்போது
அரிப்பு குறையாது,
கை மட்டும் நிற்கும்.

நேற்று சுகுணா, அதே படியடியில்:
"இன்னும் எறங்கலையாக்கா?"
"எறங்கக் கூடாதுன்னு வேண்டிக்க."
அவளுக்கு விளங்கவில்லை.
என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மேலே வந்தாள்,
முதல் தடவையாக.
காய்ந்த கொத்தை உருவிப் போட்டுவிட்டுப்
பச்சையாக ஒன்று செருகினாள்.